கழுவாத கூலண்ட் தொட்டி

“மிஷினை நிறுத்துங்கப்பா.”

எங்கள் வீட்டில் வாயில் வரவே கூடாத பேச்சு இது. இரும்பு கடையும் லேத் ஓடும்போது அப்பாவிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம், இதைத் தவிர. அம்மா என்னை அப்படிச் சொல்லித்தான் வளர்த்தாள்.

அப்பா திரும்பவே இல்லை. வெட்டும் உளி சூடாகாமலிருக்க, சுழலும் இரும்பின்மேல் பால் நிறத்தில் கூலண்ட் கொட்டிக்கொண்டிருந்தது. அது தெறித்துப் பட்டறை முழுக்க மூட்டமாக நின்றது. பட்டறை என்பது எங்கள் முன்னறைதான். சமையலறைக்கும் அதற்கும் நடுவே ஒரு துணித்திரை. அந்த மூட்டத்துக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, அறுத்த துண்டுகளின் பிசிறை அம்மா அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தேய்ப்புக்கு ஒரு இருமல்.

நானே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

“ஏய்! உளி உடைஞ்சிருந்தா?”

“வேற உளி வாங்கலாம். அம்மாவுக்கு வேற நுரையீரல் வாங்குவீங்களா?”

“பாத்தியாடி உன் பொண்ணை? பட்டம் வாங்கினதும் வாய் நீண்டுபோச்சு. இந்த மிஷின்தான் உன்னைப் படிக்க வெச்சுது.”

“அதுக்குன்னு அம்மாவுக்குச் சக்களத்தியா வெச்சுக் கொஞ்சணுமா?”

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி முதுகை வளைத்தது. மூச்சு திரும்ப வெகுநேரமாயிற்று.

லேத்துக்கு அடியிலிருந்த கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்தேன். அழுகின முட்டை நாற்றம். மேலே கறுப்பாக எண்ணெய் ஏடு. அப்பா இதை ஒருநாளும் காலி செய்து கழுவியதில்லை. குறையக் குறைய மேலே ஊற்றுவார். நாறினால் கழிப்பறைப் பினாயிலில் ஒரு மூடி விடுவார்.

“பழசு கொஞ்சம் கிடந்தாத்தான் புதுசு ஒட்டும்,” என்றார்.

“தயிரா இது, உறை ஊத்தி வைக்க? கிருமி வளக்கறீங்க. அதைத்தான் அம்மா மூச்சுல இழுக்கறா.”

“நானும்தான் இங்க நிக்கறேன். எனக்கென்ன ஆச்சு?”

“உங்களுக்கு எப்பன்னு தெரியாது. அம்மா சித்தி வீட்ல பத்து நாள் இருந்தா, ஒரு இருமல் இல்ல. வந்த மறுநாளே சாயங்காலம் காய்ச்சல், மூச்சிரைப்பு. மூணு தடவையும் இதே கதை.”

டாக்டர் என்ன வேலை என்று கேட்டபோது, “வீட்லதான் இருக்கேன்” என்றாளாம் அம்மா. பக்கத்திலிருந்த அப்பாவும் தலையாட்டியிருக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, வீடுதானே! டாக்டரும் இருமல் மருந்து எழுதி அனுப்பிவிட்டார். நேற்று நான் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்த அறையிலிருந்து அவளை வெளியேற்று, இல்லாவிட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும் என்றார்.

அதைச் சொன்னேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இந்த ஆர்டர் முடியட்டும். கழுவிடறேன்.”

“நாலு நாள்தானேடி,” என்றாள் அம்மா.

“போன ஆர்டருக்கும் நாலு நாள்தான்மா.”

நான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டேன். அம்மாவின் துணிகளைக் காலையிலேயே அங்கே கொண்டுபோய் வைத்தாயிற்று. அரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

“அவ வரமாட்டா,” என்றார் அப்பா.

“வராட்டி தூக்கிட்டுப் போவேன். எழுந்திரும்மா.”

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து முக்காலிக்கு அடியில் செருப்பைத் தேடினாள். நான் ஆட்டோ பிடிக்கத் தெருவில் இறங்கினேன்.