தொட்டிக்குக் கிழக்கே பன்னிரண்டு அடி

தொண்டாமுத்தூர் போகும் சாலையை ஒட்டியிருந்தது பாலுசாமியின் தென்னந்தோப்பு. வீட்டுக்குப் பின்னால் தண்ணீரைத் தேக்கிப் பாய்ச்சுவதற்கென்று கட்டிய தொட்டி ஒன்று உண்டு. முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், கழுத்தளவு ஆழம். அவருடைய மனைவி அன்புச்செல்வி கல்யாணமாகி வந்த இந்த இருபத்தெட்டு வருடத்தில் அந்தத் தொட்டியில் நீந்தாத காலைகள் குறைவு. பவானியில் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு இறங்கினால் அரை மணி நேரம் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்வருவாள். மேற்கே வெள்ளியங்கிரி மலை. கிழக்கே அடுத்தவர் சோளக்காடு. பார்க்க ஆள் கிடையாது.

சோளக்காடு விற்கப்பட்டு அங்கே மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. பால்கனிகள் எல்லாம் மலையைப் பார்த்தபடி மேற்கு முகமாக இருந்தன. ஆடி மாதத்தில் ஒரு நாள் நீந்திக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தபோது, மூன்றாம் மாடியில் வயதான ஒருவர் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். ஈரத் துணியோடு ஏறி வர அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் உள்ளே போகும்வரை சுவரோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். விரல்கள் விறைத்துப்போயின. மறுநாளிலிருந்து தொட்டிப் பக்கம் போகவில்லை.

முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தாள். பத்து நாள் கழித்துத்தான் பாலுசாமிக்கு விஷயம் தெரிந்தது. தகரத் தட்டி அடித்துவிடலாம் என்றார். காற்றடைத்துப்போகும், வெயிலில் அனல் வீசும், பார்க்கவும் நன்றாயிராது என்று அவள் மறுத்துவிட்டாள். சரி, மரமாகவே வைத்துவிடலாமென்று அவர் யாரையும் கேட்காமல் பன்னிரண்டு நெட்டிலிங்கக் கன்றுகளை வண்டியில் ஏற்றி வந்து காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக நட்டார். ஆளுயரக் கன்றுகள், வரிசை அழகாகத்தான் இருந்தது. அன்புச்செல்வி ஆசையோடு தொட்டியில் இறங்கித் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கன்றுகளுக்கு மேலே மூன்று மாடியும் முழுசாகத் தெரிந்தது.

சிறுவாணி சாலையில் அப்துல் கையூம் என்பவர் நர்சரி வைத்திருந்தார். அவரிடம் போய், பக்கத்து மாடி வீட்டை மறைக்கவேண்டும், சீக்கிரம் உயரமாக வளர்கிற செடி எது என்று கேட்டாள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். தண்ணீர்த்தொட்டி என்றதும் தலையை ஆட்டினார். வேகமாக வளர்கிற பல மரங்களுக்கு வேர் தண்ணீரைத் தேடித்தான் ஓடும், தொட்டிச் சுவரில் விரிசல் விடும் என்றார். மூங்கில் வைத்தால் நீந்துவதைவிட இலை அள்ளுகிற வேலைதான் அதிகம் இருக்கும். அரளி நன்றாக அடைத்துக்கொண்டு வரும், ஆனால் மாடு கன்று வாய் வைத்தால் ஆபத்து. கடைசியில் ஒன்று சொன்னார்.

"எத்தனை அடி ஒசரம் வேணும்னு மொதல்ல தெரியோணுமுங்க. கீழ நின்னு பாத்தா அது தெரியாது. அந்த ஊட்டு மேல ஏறிப் பாருங்க."

அந்த வார்த்தை இரண்டு நாள் அவள் மனதில் கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்தவள் முப்பது வயதுக்காரி. பெயர் வர்ஷினி, சொந்த ஊர் உடுமலைப்பேட்டை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். பால்கனியில் இரண்டு நிமிடம் நின்று பார்த்துக்கொள்ளலாமா என்று அன்புச்செல்வி கேட்டாள்.

வர்ஷினி அவளை உற்றுப் பார்த்தாள். "தொட்டியில நீஞ்சுவீங்களே, அந்த அக்காதானுங்களா?"

அன்புச்செல்விக்குக் காது மடல் சுட்டது. "பாத்திருக்கியா கண்ணு?"

"பாத்திருக்கேனுங்க்கா. காத்தால வேலைக்கு ஒக்காரறதுக்கு முன்னாடி அதப் பாத்தா மனசு லேசாயிரும். பாக்கறது தப்புன்னு தோணவே இல்ல. ஆடியோட நிறுத்திப்போட்டீங்க. ஒடம்புக்கு ஏதாச்சுமோன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

காபி டம்ளரோடு நின்றவர் அவளுடைய மாமனார். கண்ணில் புரை விழுந்து அறுவைச் சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் வந்தவர். அவருக்கு எதிரே உள்ள மலையே மங்கலாகத்தான் தெரியும் என்றாள் வர்ஷினி. அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொன்னாள்.

"அவரு பாத்தாரா இல்லையாங்கறது இல்ல கண்ணு. பாக்க முடியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் கை வீச வரமாட்டேங்குது."

வர்ஷினி அவளை உள்ளே அழைத்துப் போனாள். பிறகு பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். தன் தொட்டியை அன்புச்செல்வி மேலேயிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. தென்னைகளுக்கு நடுவே பாக்குத் தட்டு அளவுக்குப் பச்சையாக மின்னியது. இவ்வளவு சின்னதிலா இத்தனை வருடம் நீந்தினோம் என்று ஆச்சரியப்பட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து அளவெடுத்தார்கள். தொட்டியின் மேற்குச் சுவரோரம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தை மிதக்கவிட்டார்கள். பாலுசாமி தேங்காய் பறிக்கிற இருபதடித் தொரட்டியின் நுனியில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரோரம் போய் நின்றார். மேலே வர்ஷினி, கீழே போனைக் காதில் வைத்துக்கொண்டு அன்புச்செல்வி. தொரட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தும் துண்டு குடத்தை மறைக்கவில்லை. இன்னும் முன்னால் வரச் சொன்னாள் வர்ஷினி. அவர் பத்தடி வந்தார், இருபதடி வந்தார். தொட்டியை நெருங்க நெருங்கத் துண்டைத் தாழ்த்தச் சொன்னாள். தொட்டிச் சுவருக்கு ஆறடி தள்ளி நின்றபோது, தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்திலேயே துண்டு குடத்தை மறைத்துவிட்டது. அதே மறைவுக்குக் காம்பவுண்டில் முப்பது அடிக்கு மேல் வேண்டியிருந்தது. தோள் வலித்தாலும் பாலுசாமிக்குச் சந்தோஷம். நெட்டிலிங்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

பன்னிரண்டு அடி என்று போய்ச் சொன்னதும் அப்துல் கையூமுக்கு வேலை எளிதாகிவிட்டது. இரண்டு வரிசை சொன்னார். வெளி வரிசையில் மருதாணி: அடர்த்தியாக வரும், வெட்டி விட்டால் சொன்ன உயரத்தில் நிற்கும், வேர் சுவரை ஒன்றும் செய்யாது. உள் வரிசையில் மருதாணியின் இடைவெளிக்கு நேராகச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் மாற்றி மாற்றி. அவை அடிப்பக்கத்தை மூடும். மேற்கத்திக் காற்று அடிக்கிற மாதங்களில் சருகெல்லாம் தொட்டிக்கு எதிர்ப்பக்கமாகத்தான் பறக்கும். இது உயர்ந்து வர இரண்டு மூன்று வருடம் ஆகுமே என்று அன்புச்செல்வி இழுத்தாள். அதற்கும் வழி வைத்திருந்தார். வெளியே மூன்றாவதாக ஒரு வரிசை அகத்தி விதைக்கச் சொன்னார். எட்டு மாதத்தில் தலைக்கு மேலே போய்விடும். மருதாணி எட்டிப்பிடித்ததும் வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

புரட்டாசி மழையில் நட்டார்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. வேப்பெண்ணெய் தெளித்துக் காப்பாற்றினாள். அகத்தி சித்திரைக்குள் பன்னிரண்டு அடியைத் தொட்டது. ஒரு காலையில் வர்ஷினியே போன் செய்து, அகத்திக்கு மேலே மலை தெரிகிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை என்றாள். சொல்லிவிட்டு, தனக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள். அன்று மதியம் அன்புச்செல்வி அவளுக்கு அகத்திக்கீரை கொடுத்தனுப்பினாள்.

அடுத்த ஆடிக் காற்றில் அகத்தியில் இரண்டு முறிந்து விழுந்தன. ஒரு மாதம் போல அந்த இடத்தில் சந்து இருந்தது. அதற்கு நேராக வரும்போது அவள் முங்கி நீந்தினாள், நீந்துவதை நிறுத்தவில்லை. பிறகு மருதாணி பூத்து, தொட்டிக்கரை முழுக்க அந்த வாசம் நின்றது. மூன்றாவது பொங்கலுக்கு அகத்தியை மொத்தமாக வெட்டினார்கள். பச்சைச் சுவர் தன் காலிலேயே நின்றது.

மாசியில் ஒரு காலை. அன்புச்செல்வி நீந்திக்கொண்டிருந்தபோது பாலுசாமி பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், தொட்டிப் படியில் வந்து உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மெல்ல ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் தொந்தியைத் தொட்டதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஏனுங்க, இத்தனை வருசத்துல ஒருநாளும் எறங்குனதில்லையே?" என்றாள்.

"சோளக்காட்டுல ஆளுக இருப்பாங்கல்ல அம்மணி. இந்த வயித்த வச்சுட்டு எப்படி எறங்கறது?"

அவள் நீந்துவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை தண்ணீரில் மூழ்கி, கண்ணை மூடியிருந்தார்.