கழுவித் தின்ற பழம்

வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் சின்ன மகள் உலகு என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கு முழுக்கக் கருநீலம். உதட்டோரத்திலும் கன்னத்திலும் கவுனின் முன்பக்கத்திலும் அதே சாயம். அவளுக்குப் பின்னால் பெரியவள் கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு தேக்கிலையை விரித்து, களாப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ஆனி மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் வாயும் இப்படித்தான் இருக்கும். களக்காட்டு மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நிமிடம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"பழத்தக் கழுவிக் குடுத்தியா?" என்று மனைவி முத்துராணியிடம் கேட்டேன்.

அவள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "களாப்பழத்த எவ கழுவுதா? காட்டுல கெடக்குதத மழ கழுவும். ஒங்களுக்குத்தான் ஊர்ல இல்லாத சீக்கு."

இது எங்களுக்குள் ஆறு வருடச் சண்டை. தண்ணீர் பட்டால் களாப்பழம் சப்பென்று போய்விடும், முந்தியில் போட்டு நாலு உருட்டு உருட்டினால் பால் போய்விடும், அதற்குமேல் அதற்கு மரியாதை தேவையில்லை என்பது அவள் கட்சி. கல்யாணமான புதிதில் நானும் அதே கட்சிதான். பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் வாழைத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மாறினேன். மருந்து டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு வாழைக்குள் நடப்பவன் நான். எது எதன்மேல் படுகிறது, காற்று எந்தப் பக்கம் அள்ளிக்கொண்டு போகிறது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். போன மாதம் கோமதி தோட்டத்துக் கொய்யாவைப் பறித்து அப்படியே கடித்தபோது முதுகில் ஒன்று வைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை. அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தோட்டத்துல எதப் பறிச்சாலும் கழுவாம வாயில வைக்கப்படாது, கேட்டியா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

ஆனால் இன்றைக்கு என் பயம் வாழைக்கு அடித்த மருந்தைப் பற்றியது அல்ல. ஒரு வாரமாகக் காட்டுப்பன்றி இறங்கித் தோட்டத்தை உழுதுகொண்டிருக்கிறது. குலை தள்ளுகிற நேரத்தில் நாற்பது வாழை போய்விட்டது. வெடி போட்டால் காட்டிலாகாக்காரன் வருவான். அதனால் அண்ணாச்சி நேற்றே குருணை மருந்து வாங்கிக் கொடுத்து, துணியில் சின்னச் சின்னப் பொட்டலமாக முடிந்து வேலி நெடுகக் கட்டச் சொன்னார். அந்த நாற்றத்துக்குப் பன்றி கிட்டே வராது. மணல் மாதிரி இருக்கும் மருந்து. ஆள் உயிரைக் குடிக்க ஒரு பிடி போதும். "ஏலே மகாராசா, பைய காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுரு. யார்ட்டயும் மூச்சு விடாத" என்றார். நான் முத்துராணியிடமும் மூச்சு விடவில்லை. கொடியில் கிடந்த அவளுடைய பழைய மஞ்சள் சேலையைச் சுருட்டிக்கொண்டு போய், கிழித்து, காலையில் எழுபது பொட்டலம் கட்டினேன். அந்த வேலியில்தான் களாச்செடி முள்ளும் பழமுமாக மண்டிக்கிடக்கிறது.

கோமதிக்கு முன்னால் போய்க் குந்தினேன்.

"இத எங்கனட்டி பறிச்ச?"

"ஒங்களுக்குச் சோறு கொண்டாந்தோம்லா. நீங்க அங்கன இல்ல. தூக்குச்சட்டிய பம்புசெட் ஆணியில மாட்டிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் போயிப் பறிச்சோம்."

"வேலியில பறிக்கலயே?"

"இல்லப்பா. வேலிப்பக்கம் ஒரே நாத்தம். ஒலகு கொமட்டுதுன்னா. அம்மா சேலத் துணியெல்லாம் கட்டித் தொங்குது அங்கன."

முத்துராணியின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்திலிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கிறது. அங்கே பொட்டலமும் கிடையாது, மருந்து தெளித்ததும் கிடையாது. வெறும் காடு. உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்புகூட வந்தது. ஊரெல்லாம் தின்கிற பழத்தைத் தன் பிள்ளை தின்றதற்கு நடுங்குகிற தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உலகு என் மடியில் ஏறி ஒரு பழத்தை என் வாயில் திணித்தாள். புளிப்பும் இனிப்பும் அந்த லேசான துவர்ப்புமாக நாக்கில் இறங்கியது. கொட்டையோடு விழுங்கினேன். "அம்மைக்கும் ஊட்டினேன். அம்ம கையி பீடி சுத்துத பொயலக் கையில்லா" என்றாள் உலகு.

அப்போதுதான் கோமதி சொன்னாள். நான் சமாதானமாகிவிட்டேன் என்று கண்டுகொண்டு, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற குரலில் சொன்னாள்.

"நாங்க கழுவித்தான் தின்னோம்ப்பா. அம்மைக்குத் தெரியாது."

"எங்கன கழுவுன?"

"பம்புசெட்டுல. நீல வாளியில தண்ணி இருந்துச்சுல்லா. அடியில கொஞ்சம் மணலு கெடந்துச்சு. அதக் கலக்காம மேலாப்புல முக்கி எடுத்தேன்."

காலையில் பொட்டலம் கட்டி முடித்ததும் அண்ணாச்சி போன் செய்தார்: ஸ்ப்ரேயரை உடனே ரிப்பேருக்குக் கொண்டுபோ, கடைக்காரன் மத்தியானம் மூடிவிடுவான். குருணை அள்ளிய தம்ளரையும், கைக்கு உறையாகப் போட்டிருந்த கேரிபேக்குகளையும் நீல வாளித் தண்ணீரில் அலசினேன். தண்ணீரைக் கொட்டக் குனிந்தவன், மறுபடி போன் அடித்ததும், வந்து கொட்டிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆணியில் தொங்கப்போகிற சோற்றுத் தூக்கை நினைக்கவில்லை. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள்தான் சோறு கொண்டுவருவார்கள் என்பது எனக்கு நினைவில்லை. பம்புசெட்டில் எப்போதும் மருந்து நாற்றம்தான், வாளி நாற்றம் பிள்ளைக்குத் தனியாகத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்து வாளியும் நீலம்தான். அதில் வரிசையாக நின்று கைகழுவப் பழக்கியிருக்கிறார்கள்.

வாய்க்குள் இன்னும் களாப்பழத்தின் புளிப்பு இருந்தது. எழுந்தேன். "கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றேன். முத்துராணி துள்ளி எழுந்தாள். சுளகு கவிழ்ந்து தூளும் இலையும் தரையெல்லாம் சிதறின. வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் கரைக்கலாம் என்று அடுக்களைக்கு ஓடியவளை, அதற்கெல்லாம் நேரமில்லை என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். எக்ஸெல் வண்டியில் முன்னால் உலகு நின்றாள். பின்னால் கோமதி, அவளை அணைத்துக்கொண்டு முத்துராணி. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று முகத்தில் அடித்ததும் உலகு சந்தோஷமாகப் பாட ஆரம்பித்தாள். அவள் பாட்டு நிற்கும் இடமெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

பாலத்தைத் தாண்டியபோது முதுகுக்குப் பின்னால் முத்துராணி மெதுவாகக் கேட்டாள். "அந்தத் துணியில என்னத்தக் கட்டுனிய?"

சொன்னேன். அவள் கை கோமதியைத் தாண்டி வந்து என் சட்டையைப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இளவயது. எத்தனை மணிக்குத் தின்றார்கள், எத்தனை பழம், என்ன மருந்து என்று மூன்றே கேள்வி. முதல் இரண்டுக்கும் கோமதி பதில் சொன்னாள். பதினொன்றரை இருக்கும். இருபது பழம். உலகு அதைவிட அதிகம். மூன்றாவதற்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கெட்டில் போட்டிருந்த பெயர் எனக்கு ஞாபகமில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு, "ஏலே, என் தோட்டம்னு சொல்லிராத. கடையில வாங்குன பழம்னு சொல்லு, ஒனக்கு வேண்டியத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போனை வைத்தேன். மருந்து பெயர், தோட்டம், பொட்டலம், வாளி, அலசிய தம்ளர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டு பாதியை மறைக்க எனக்குத் தெம்பில்லை.

நர்சம்மா இரண்டு பேரின் உடுப்பையும் கழற்றிப் பையில் போட்டு முடிந்தாள். பின்பக்கக் குழாயடியில் நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். உலகு கத்தினாள். கோமதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையைத் தூக்கச் சொன்னால் தூக்கி, திரும்பச் சொன்னால் திரும்பி நின்றாள். "நீங்களும் ரெண்டு பேரும் கழுவுங்க" என்று நர்சம்மா சோப்பை நீட்டினாள். முழங்கை வரை தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் அந்த நாற்றம் இருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

கையில் ஊசி குத்திக் குழாய் வைத்து இரண்டு பேரையும் ஒரே கட்டிலில் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாள். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. எவ்வளவு உள்ள போயிருக்குன்னு தெரியல. எச்சில் ஒழுகுதா, வேர்க்குதா, வயிறு வலிக்குதுன்னு சொல்றாங்களா, பாத்துக்கிட்டே இருங்க. ஏதாவது தெரிஞ்சா ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம். ஆம்புலன்ஸ் வண்டிய நிறுத்தி வச்சிருக்கேன்."

பார்த்துக்கொண்டே இருப்பது அவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு அதுவரை தெரியாது. உலகு தூங்கிப்போனாள். தூக்கமா மயக்கமா என்று நான் நிமிடத்துக்கொருதரம் அவள் காலைச் சொறிந்தேன். காலை இழுத்துக்கொண்டால் மூச்சு வந்தது. அவள் கடைவாயில் எச்சில் ஒரு கோடாக இறங்கியது. அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் தூங்குகிறாள். தலையணை நனையாத நாள் கிடையாது. ஆனாலும் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். ஒன்றும் சொல்லாததற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தேன். நெற்றி ஈரமாக இருந்தது. மின்விசிறி ஓடவில்லை, எல்லோருக்கும்தான் வேர்த்தது. நானும் முத்துராணியும் தின்றதையும் டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தேன். எனக்கு வேர்ப்பது அந்த ஒரு பழத்தினாலா, பயத்தினாலா? முத்துராணி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பிள்ளைகளின் உதட்டுச் சாயத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். களாச்சாயம் அவ்வளவு லேசில் போகாது. அவளுக்கும் தெரியும். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கழுவாம தின்னுருந்தா ஒண்ணும் இல்ல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. சண்டை போடுகிற குரலும் இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு மணி சுமாருக்குக் கோமதி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தங்கை மூச்சு விடுவதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"கழுவுனது தப்பாப்பா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முதுகில் நான் வைத்த அந்த ஒரு அடி என் உள்ளங்கையில் திரும்ப விழுந்தது. முத்துராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். வராந்தாக் குழாயில் எவர்சில்வர் தம்ளரை மூன்றுதரம் கழுவி, பிடித்துக்கொண்டு வந்து நீட்டினேன். கோமதி குழாய் சொருகாத கையால் வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். தம்ளரைச் சாய்த்து, வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்பி, அடிவரைக்கும் உற்றுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். தம்ளரை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

நான் வாங்கி அவள் பார்க்க ஒரு மடக்குக் குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு நீட்டினேன். அவள் இன்னும் கையை நீட்டவில்லை.