போகிறவர்கள் உட்கார வேண்டும்

அப்பலசாமியின் வழியனுப்பு விருந்தில் மைக் ஆளில்லாமல் நின்றது. ஆட்டுக்கறி தீர்ந்துவிட்டது, போதை வேரைக் கரைத்த கிரோக் சட்டி நிரம்பி நிரம்பிக் காலியாகிவிட்டது, ஃபிஜித் தீவின் வரதோலியில் பாதி ஊர் அந்தத் தகரக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்த மளிகைக்கடைக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எப்படி வரும்? அரிசியோடு தன் கட்டைவிரலையும் சேர்த்து நிறுத்தே மாடிவீடு கட்டிய மனுஷர். மறுநாள் வான்கூவருக்கு விமானம். மாலையும் கழுத்துமாக அவர் அந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஆணி, பெயின்ட் விற்கிற கடையில் கல்லாவில் நிற்கும் கம்லா எழுந்து போனாள்.

"அப்பலசாமி மாமா தராசுத் தட்டுல வெரல வெப்பாரு. எல்லாருக்கும் தெரியும்," என்று ஆரம்பித்தாள். "ஆனா அந்தப் புயலடிச்சப்போ, கூர போனவங்களுக்கெல்லாம் மாவு நிறுத்துக் குடுத்தாரே, அன்னிக்கும் வெரல் அங்கதான் இருந்திச்சு. மாவுத் தட்டுக்குக் கீழ. மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு. நான் பாத்தேன்."

ஊர் சிரித்தது. அப்பலசாமி மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

கம்லாவுக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவள் மூளை அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி. அதற்கும் வேளாவேளைக்குத் தீனி போட்டாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல், உடனே கல்யாணம், அப்புறம் கல்லா. டெலிபோன் புத்தகத்தை மனப்பாடம் செய்து பார்த்தாள். கடிகாரம் ரிப்பேர் கற்றுக்கொண்டாள். அதோடு வீட்டில் ஓடுகிற கடிகாரம் இல்லாமல் போயிற்று. புருஷன் மகேந்திரா கராஜில் மெக்கானிக். அதிகம் பேசாத ஆள். "ஏதோ பண்ணட்டும்" என்று விட்டுவிட்டார்.

அந்த வருஷம் தலைநகர் சுவாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்தது போதாதென்று, வருஷம் முடிவதற்குள் இன்னொரு தடவையும் பிடித்தது. இந்தியர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். வக்கீல் போனார், டாக்டர் போனார், பல் பிடுங்குகிறவர்கூடப் போய்விட்டார். சனிக்கிழமை தவறாமல் யாருக்காவது விருந்து, விருந்து தவறாமல் கம்லா. ஃபிஜி இந்தியில் பேசுவாள். வயசானவர் என்றால் தமிழில். வாரம் முழுக்கப் போகிறவர் பின்னாலேயே அலைந்து அவரிடமுள்ள ஒரே ஒரு உண்மையைத் தோண்டி எடுப்பாள். "விசா வந்திச்சா?" என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, "கம்லா வந்து பாத்திட்டாளா?" என்று ஊர் விசாரிக்க ஆரம்பித்தது. மகாகஞ்சனான வாத்தியார் சதேந்திரா, பேச்சில் நல்ல பெயர் வரட்டுமென்று கடைசி மாதம் மட்டும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கம்லா அதையும் சொன்னாள். பதில் சொல்கிறேன் என்று மைக்குக்கு வந்தவரைத் தோளைப் பிடித்து அழுத்தினாள். "போறவங்க உக்காரணும் மாஸ்டர். இருக்கிறவங்கதான் பேசணும்." அதுவே சட்டமாகிவிட்டது.

ஊரே காலியாகிறது, எனக்கு மட்டும் சோறு ருசிக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. என்ன செய்ய, ருசித்ததே!

அப்போதுதான் ஆக்லாந்திலிருந்து மகேந்திராவின் அண்ணன் எழுதிப் போட்டது பலித்து, இரண்டு பேருக்கும் விசா வந்தது.

"அங்க யாராச்சும் எங்கயாச்சும் போறாங்களா?" என்று கேட்டாள் கம்லா.

"எல்லாரும் அங்கதான வர்றாங்க. அப்புறம் எங்க போவாங்க?"

"அதான் கேக்கறேன்."

மகேந்திராவுக்குப் புரிந்துவிட்டது. "அரே, மைக்குக்காகவா இங்க கெடக்கப் போற? கராஜ் மொதலாளி பூட்டிட்டு சிட்னி போயிட்டாரு. நாளைக்குத் திரும்பவும் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்தானுங்கன்னா?"

நியாயமான பேச்சு. பெட்டிகள் நிறைந்தன.

அடுத்த சனிக்கிழமை அதே தகரக் கொட்டகையில் புருஷனும் பெண்டாட்டியும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டுக்கறி தீர்ந்தது. மைக் ஆளில்லாமல் நின்றது. கம்லா கேட்டுக்கொண்டிருக்கும்போது எவன் பேசுவான்? ஆளாளுக்கு அடுத்தவன் முதுகில் குத்தித் தள்ளினார்கள், ஒருத்தரும் நகரவில்லை.

கம்லா எழுந்தாள்.

"ஏய், நீ போறவ. உக்காரு," என்றார் மகேந்திரா.

அவள் தன் மாலையைக் கழற்றி, அவர் கழுத்தில் ஏற்கெனவே இருந்ததன் மேல் போட்டுவிட்டு நேரே மைக்குக்குப் போனாள்.

"இந்த மனுஷன் பேச மாட்டாரு," என்றாள். "இத்தன வருஷமா நான் பேசறதக் கேட்டுக்கிட்டே சோறு சாப்படறாரு. ஒரு நாளும் போதும்னு சொன்னதில்ல. ரேடியோவ மட்டும் கொஞ்சம் சத்தமா வெப்பாரு."

கொட்டகை அதிர்ந்தது. மகேந்திராவும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"நான் மைக்கப் புடிச்ச மாசம் அந்த ரேடியோ ரிப்பேராயிடிச்சு. பஸ் இஞ்சினயே பிரிச்சு மாட்டறவரு. ரேடியோ அவருக்குக் கால் மணி வேல. இன்னிக்கு வரைக்கும் அதத் தொடல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள்.

மகேந்திரா அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தார். போகிறவர்களுக்குப் போட்ட பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கிரோக் ஊற்றுகிறவன் தேங்காய்ச் சிரட்டையை நீட்டிவிட்டு, குடித்து முடித்ததும் வழக்கப்படி கைதட்டக் காத்திருந்தான். மகேந்திரா வாங்கிக்கொண்டார். மோவாய்வரை ஏறிக்கிடந்த இரண்டு மாலைகளையும் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த சிரட்டையால் தன் வாயைத் தேடினார்.