பொறுப்பாளர் பதிலளிக்கவில்லை

மருத்துவமனை மருந்தகத்திலிருந்து வந்த புகார் ஒன்பது நாளாக அவள் பெயரில் கிடந்தது. அவள் இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

புகார் இரண்டே வரி. பத்துக் கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் மருந்துச் சீட்டில் அளவின் தசமப் புள்ளி அச்சாகவில்லை. இரண்டரை மில்லி இருபத்தைந்து மில்லி ஆகிவிடும். மருந்தகத்து அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஒன்பது நாளும் ஒவ்வொரு சீட்டிலும் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த மென்பொருளைச் செய்து கொடுத்த நிறுவனத்தில் புகார்களைப் பிரித்துக் கொடுப்பது ஆறு மாதமாக மனிதர் வேலை இல்லை. ஒரு நிரல் செய்கிறது. எந்தப் பிழையை முன்பு யார் சரி செய்தார்கள் என்று பழைய புகார்களைப் படித்து வைத்திருக்கும். புதிதாக வருவதை அந்த ஆள் தலையில் கட்டும். மருந்துச் சீட்டு என்றால் அவள்தான். நான்கு வருடமாக அவள்தான். நிரல் கற்றதில் தப்பில்லை.

அவள் கணவன் அதே அலுவலகக் கூடத்தில், அவள் இடத்திலிருந்து மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தான். மருந்தகத்து அம்மா போன் போட்டுக் கத்திய பிறகு பிழை அவனிடம் வந்தது. மதியத்துக்குள் சரி செய்தான். பதினைந்து நாள் முன்பு வேறொருவர் கை வைத்த இடம் அது. அவள் எழுதியது அப்படியே இருந்திருந்தால் புள்ளி ஒழுங்காக அச்சாகியிருக்கும்.

மூன்று மணிக்கு, மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிக்கை அவன் கையெழுத்துக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: பொறுப்பாளர் பதிலளிக்கவில்லை.

அவன் இரண்டு முறை படித்தான். தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான்.

மேலாளருக்குக் கூடத்தில் சதவீதம் என்று பெயர். நலமா என்று கேட்டாலும் தொண்ணூறு பர்சென்ட் என்பார். அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதுல பேரே இல்லையே தம்பி. பொறுப்பாளர்னு பொதுவாத்தானே போட்டிருக்கு."

"பொறுப்பாளர் யாருன்னு மருந்தகத்துல தெரியும் சார். நாலு வருஷமா அவகிட்டதான் பேசினாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். துக்கம் புரிகிறது என்றார். வேண்டுமானால் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார். இதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், கையெழுத்து இல்லாமலும் அறிக்கை போகும் என்றார். அவன் கண் முன்னாலேயே அனுப்பியும் விட்டார்.

வெளியே, சோதனைப் பிரிவு அக்கா தன் இடத்துக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினாள். சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். காரியம் முடிந்த மறுநாளே, நிரல் புகார் பிரித்துக் கொடுக்கும் பட்டியலிலிருந்து அவன் மனைவி பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாளாம். மேலாளர் மறுத்துவிட்டாராம். நிரலுக்கு மார்க் போடுவது பழைய புகார்களை வைத்துத்தான். உண்மையில் சரி செய்த ஆளை அது கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் புகார்களில் மூன்றில் ஒரு பங்கு அவள் தீர்த்தவை. அவளை எடுத்தால் மார்க் தொண்ணூற்றொன்றிலிருந்து அறுபத்துநாலாகிவிடும். அடுத்த மாதம் நிரலை விலைக்கு வாங்க ஆள் வருகிறார்கள்.

"பேரு இருந்துட்டுப் போகட்டுமே, அது என்ன சோறா கேக்குதுன்னாருடா" என்றாள் அக்கா.

இத்தனை நாள் அவன் உடம்பு மரத்துப் போயிருந்தது. யார் கையைப் பிடித்து அழுதாலும் வேறு யாருக்கோ நடப்பது போல நின்றிருந்தான். இப்போது காது மடல் சுட்டது. அவளை வேலையிலும் வைத்துக்கொண்டார்கள். வேலை செய்யவில்லை என்று எழுதியும் விட்டார்கள்.

மேசையில், புகார்களுக்கென்று வைத்திருந்த செல்போன் அடித்தது. அவனே எடுத்தான். மருந்தகத்து அம்மா. பிழை சரியாகிவிட்டது என்றார். ஆனால் குரலில் காரம் குறையவில்லை.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. ஒம்போது நாள் பதிலே சொல்லலைன்னு உங்க அறிக்கையில எழுதியிருக்கு. அன்னன்னிக்கே பேசுற பொண்ணு அது. என் மேல என்ன கோவம்னு கேக்கணும்."

"அவங்க இறந்துட்டாங்கம்மா. நாப்பத்து மூணு நாளாச்சு."

எதிர்முனையில் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.

"நீங்க யாருப்பா?"

"அவங்க வீட்டுக்காரர்."

பிறகு அவர் மெதுவாகவே கேட்டார்.

"அப்ப இதை எழுதினது யாரு?"

"இருங்கம்மா, தர்றேன்."

மேலாளர் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திறந்தான். ஸ்பீக்கரைப் போட்டு, செல்போனை அவர் கணினிக்கு முன்னால் வைத்தான்.

"மருந்தகத்துலேர்ந்து பேசுறாங்க. காரணம் கேக்குறாங்க."

சதவீதம் போனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தனியாகப் பேசிக்கொள்வதாகக் கையால் சைகை காட்டினார். அவன் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுங்க சார்" என்றான்.