உருப்படி ஒன்று, நான்காம் மாடி

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், ஒருமுறை ஒரு பியானோ. கழுத்தோரம் கட்டி ஒன்று தட்டுப்பட்டபோது, தோளில் போடும் வார் உரசி வந்தது என்றுதான் நினைத்தேன். பீரோ தூக்குகிறவன் கழுத்தில் கட்டி வராமல் ரோஜாப்பூவா வரும்? மூன்று மாதம் அதையும் சேர்த்துச் சுமந்தேன். உடம்பு இளைத்தது, தூக்கத்தில் தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

“லிம்போமா. புற்றுநோய்தான். ஆனா மருந்துக்குக் கேக்கிற வகை. ஆறு கீமோ, இருபத்தொரு நாளைக்கு ஒண்ணு. நடுவுல விடக் கூடாது.”

இரண்டு முடிந்தது. கட்டி கரைந்து பட்டாணி அளவுக்கு வந்தது. மூன்றாவதற்கு முந்தின நாள் மனைவியிடம், “ரெண்டே போதும், நாளைக்குப் போகலை. கட்டிதான் போயிடுச்சே” என்றேன்.

“டாக்டர் ஆறுன்னாரு. உங்களுக்கு எண்ணத் தெரியாதா?”

“தெரியும். போதும்னா போதும்.”

உண்மையான காரணம் என் பாதங்கள். மரத்துப்போயிருந்தன. செருப்பு கழன்றுபோனாலும் தெரியாது. நாங்கள் இருப்பது நான்காம் மாடி. லிஃப்ட் என்று ஒரு கூண்டு உண்டு. அதில் யாரோ உடைந்த சைக்கிளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் முன்னால் குப்பை கொட்டக் கிளம்பி, எட்டாவது படியில் கால் எங்கே வைத்தேன் என்று புரியாமல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த வாக்கிலேயே பின்பக்கத்தால் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்தேன். யாரும் பார்க்கவில்லை. ஊரார் பீரோவையெல்லாம் ஏற்றி இறக்கினவன் தன் உடம்பை இறக்க முடியவில்லை என்று யாரிடம் சொல்ல? அதைச் சொல்வதற்கு நோயோடு கிடப்பதே மேல் என்று தோன்றியது. மடத்தனம்தான். அப்போது அது மானமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவை யாரோ இடித்தார்கள். என் ஆட்கள் இருவர்: நெட்டை, குட்டை. நான் வர மறுத்தால் தூக்கிப் போகச் சொல்லி மனைவி போன் போட்டிருக்கிறாள். அவர்களிடம் நான் முதுகுப் பிடிப்பு என்று சொல்லி வைத்திருந்தேன்.

நெட்டை என் மொட்டைத் தலையைப் பார்த்தான். “முதுகு பிடிச்சா முடி கொட்டுமா மேஸ்திரி? எனக்கும் ரெண்டு வாரமா பிடிச்சிருக்கு, பயமா இருக்கே.”

குட்டை நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து காலை ஆட்டிப் பார்த்தான். “இது தாங்கும். இப்ப எத்தனை கிலோ அக்கா?”

“அறுபத்தொண்ணு,” என்றாள் மனைவி.

“ஒரு வாஷிங் மெஷின்கூடத் தேறல. இதுக்கா ரெண்டு பேரு?”

“நான் வரலைடா,” என்றேன்.

“பீரோகிட்ட கேட்டுட்டா தூக்குறோம்?”

இடுப்பில் ஒரு வார், நெஞ்சில் ஒரு வார். கட்டுவதற்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான், அவிழ்க்க முடியவில்லை. குட்டை மேல் பக்கம், நெட்டை கீழ்ப் பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. படிக்கட்டில் ஒரே குரல்தான். கீழே பிடிக்கிறவன் பின்னோக்கி இறங்குவதால் அவனுக்குப் படி தெரியாது. மேலே பிடிக்கிறவனுக்குச் சாமான் மறைக்கும். இரண்டு பேரும் பேசினால் இரண்டு பேரும் உருளுவார்கள். மூன்றாவது ஆள் ஒருவன் கூடவே இறங்கி, ‘இறக்கு, நில், திருப்பு’ என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் என்னுடையது. நான் போகாத இந்த இரண்டு மாதம் எங்கள் வண்டி டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் வண்டியோடு கீழேயே இருந்துவிட்டார்.

முதல் வரிசைப் படி ஒழுங்காகப் போயிற்று. படி திரும்புகிற இடத்தில் நாற்காலி அந்தரத்தில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. மூன்றாம் மாடிக் கதவு திறந்து, வாயில் பிரஷ்ஷோடு ஒருவர் எட்டிப்பார்த்தார். கண்ணைத் திறந்தேன். நெட்டை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன்டா நிக்கிறீங்க?”

“நீங்கதானே சொல்லணும்,” என்றான் நெட்டை.

“நானா? நான் சாமான்டா!”

“அய்யய்யோ,” என்றது மேலே குட்டையின் குரல். “மேஸ்திரி இருக்காரேன்னு டிரைவரைக் கூப்பிடலை. இவரையும் ஆளா எண்ணிட்டோம்டா.”

“அப்படியே எண்ணிக்கோ, சாமானா இருந்தா என்ன? சொல்லுங்க மேஸ்திரி, கை போகுது!” என்றான் நெட்டை.

நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் படி முழுக்கத் தெரிந்தது. பிரஷ்காரர் வாயிலிருந்து நுரை வழிய நின்றார்.

“நெட்டை, பின்னாடி அரை அடி. இன்னும் கொஞ்சம். நில். குட்டை, உயர்த்து. வலது கால் சுவர்ல இடிக்கும், சாய்க்காத. ம். திருப்பு.”

திரும்பியது. அதற்கப்புறம் தரை வரைக்கும் நான் வாயை மூடவில்லை. என் குரல் படிக்கட்டெல்லாம் எதிரொலித்தது, கதவுகள் திறந்தன, ஒரு அம்மாள் பையனின் டிபன் டப்பாவோடு வழிவிட்டு நின்றாள். வெட்கப்படலாம்தான், ஆனால் அடுத்த படியைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கால் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தார். “எத்தனை நாளா மரத்திருக்கு?”

“மூணு வாரமா.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலை.”

“போன தடவை கேட்டேன். எல்லாம் நல்லாயிருக்குன்னீங்க. இதோ எழுதியிருக்கேன்.”

மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு கீமோ ஊசியே தேவலை.

டாக்டர் வந்தார். மருந்துகளில் ஒன்றுதான் நரம்பை இப்படிச் செய்கிறது, அதன் அளவைக் குறைக்கலாம் என்றார். “பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிடும். மாசக்கணக்காகலாம். கட்டாயம்னு சொல்லமாட்டேன். ஆனா இப்ப நிறுத்தினா, மிச்சம் இருக்கிற நோய் மறுபடி தலைதூக்கும். அதைக் கட்டாயம்னே சொல்லலாம்.”

பக்கத்து நாற்காலியில் ஐந்தாவது கீமோ ஏற்றிக்கொண்டிருந்த தையல்காரம்மா எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுவிட்டு, “எனக்கு விரல்ல,” என்றார். “ஊசி கோக்க முடியலை. மருமக கோத்துத் தர்றா. தப்பா கோத்தா திட்டுறேன். பொழுது போகுது.”

சாயங்காலம் நர்ஸம்மா அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார். வாசலில் காத்திருந்த நெட்டையிடம் அதை நீட்டினேன். “நீயே வச்சுக்க. நான் வரலைன்னு சொன்னாலும் தூக்கிடு.”

அவன் வாங்கவில்லை. “இன்னைக்கு அக்கா கூப்பிட்டாங்க, வந்தோம். அடுத்ததுக்கு நீங்க கூப்பிடுங்க.”

“கூப்பிடாம இதை எதுக்குடா நீட்டுறேன்?”

“கையாலயா கூப்பிடுவாங்க? வாயால சொல்லுங்க.”

அட்டையைப் பார்த்துக்கொண்டே “வாங்கடா,” என்றேன்.

“காதுல விழல,” என்றான் குட்டை.

“வந்து தூக்கிட்டுப் போங்கடா, தடிமாடுங்களா!”

உள்ளேயிருந்து நர்ஸம்மா, “யாருங்க அது, சத்தம் போடாதீங்க!” என்றார். நெட்டை அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியில் கொண்டுவந்திருந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து வாரை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான்.