திருக்கை முள்ளும் நீலக் கையுறையும்

குருநகரில் யோசப்பினைப் போல மீன் வெட்ட ஆளில்லை. அவளுக்குப் பிடித்த பைத்தியமோ வேறு. போனில் மனிதரை வெட்டித் தைக்கும் வீடியோ பார்க்காமல் ஒரு நேரச் சோறு இறங்காது. பித்தப்பைக் கல், குடலிறக்கம், முறிந்த எலும்புக்குத் தகடு வைப்பது எல்லாம் பார்த்தாயிற்று. விளக்கம் சொல்லும் டாக்குத்தரின் முகம் ஒருநாளும் தெரியாது. இரண்டு நீலக் கையுறைகளும் பொறுமையான ஒரு தமிழ்க் குரலும்தான்.

"எங்கடை வீட்டிலை ஒரு டாக்குத்தர் அம்மா இருக்கிறா. தடிமன் காய்ச்சலுக்கும் கத்தியோடைதான் வருவா" என்று புருஷன் சந்தியோகு இறங்குதுறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு உள்ளுக்குள் சுடும். பார்ப்பதை மட்டும் விடவில்லை.

போன மாசம் ஒரு காலை, சந்தியோகின் தம்பி றமேஸ் படகைக் கரைக்கு விட்ட வேகத்தைப் பார்த்தே அவள் வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். வலையிலிருந்து கழற்றும்போது திருக்கை வாலைச் சுழற்றிவிட்டது. சந்தியோகின் தொடையில், கவட்டுக்குக் கிட்ட, முள் ஏறி முறிந்து நின்றது. விரல் நீளம் வெளியே தெரிந்தது.

திருக்கை குத்தினால் அந்தக் கரையில் ஒரே வைத்தியம்தான். குறட்டால் முள்ளை இழுத்துவிட்டு, சப்பிய புகையிலையை அப்புவார்கள். றமேஸ் குறட்டோடு குனிந்தான்.

"றமேஸ், கையை எடு."

"விஷம் ஏறப்போகுது மச்சாள். இழுக்கவேணும்."

"இழுத்தால் ரத்தம் பாயும். இப்ப அந்த முள்ளுத்தான் ஓட்டையை அடைச்சுக்கொண்டு நிக்குது. ஆஸ்பத்திரியிலைதான் எடுக்கவேணும்."

"போனைப் பாத்திட்டு வைத்தியம் சொல்லுறா" என்று பின்னால் ஒரு கிழவர் முணுமுணுத்தார். அவளுக்கும் பயம்தான். சொன்னது பிழையாய்ப் போனால் புருஷனைக் கொன்றவள் என்ற பெயர்தான் மிஞ்சும். குறட்டைப் பறித்துக் கடலில் எறிந்தாள். இரண்டு துவாய்களைச் சுருட்டி முள்ளின் இரு பக்கமும் வைத்து, புருஷன் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து, முள் அசையாதபடி கட்டினாள். கத்திக்குத்து வீடியோ ஒன்றில் நீலக் கையுறைகள் அப்படித்தான் காட்டியிருந்தன. ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டோவில் அந்தக் காலைத் தன் மடியில் ஏந்திக்கொண்டே போனாள்.

ஒப்பரேசன் முடிந்து வந்த டாக்குத்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முள்ளு பெரிய ரத்தக் குழாயைக் குத்திக்கொண்டு நிண்டது. கரையிலை இழுத்திருந்தால் ஆள் இஞ்சை வந்து சேர்ந்திருக்காது. ஆர் உதைக் கட்டினது?"

"மச்சாள்" என்றான் றமேஸ். குறடு பிடித்த கையாலேயே அவளைக் காட்டினான்.

வீடு திரும்பிய சந்தியோகு, கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்றான்.

"அந்த வீடியோ டாக்குத்தருக்காகத்தான் குடுக்கவேணும்" என்றாள் யோசப்பின். "கோயிலிலை பேர் கேப்பினமே. எனக்கு அந்த மனிசன்ரை பேர் தெரியாது."

அவன் கெந்திக் கெந்திக் கோயிலுக்குப் போய் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிறு பூசையில் சுவாமியார், சனம் எழுதிக் கொடுத்த பூசைக் கருத்துகளை வாசித்தார். செத்தவர்களின் பெயர்கள் முடிந்ததும் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"பேர் தெரியாத நீலக் கையுறை டாக்குத்தருக்காகவும், அவர் சொல்லைக் கேட்டு என்னைக் காப்பாற்றிய எங்கள் வீட்டு டாக்குத்தர் அம்மாவுக்காகவும், நன்றியோடு சந்தியோகு."

இறங்குதுறைச் சனம் முழுக்க அங்கேதான் இருந்தது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. யோசப்பின் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாள்.