கத்திரி வெட்டிய பத்தி

ஆபீஸில் எனக்குக் கத்திரி என்று பெயர். வெளிநாட்டுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். பத்து வரியை மூன்றாக்கி நானே அனுப்பிவிடுவேன். எழுதியவர் மறுபடி பார்ப்பதில்லை.

அன்று மேனேஜர் என்னையும் விற்பனைப் பிரிவு அண்ணனையும் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடமாகப் பம்பு வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஆர்டரை ரத்து செய்துவிட்டாராம்.

"அம்மா இறந்த வாரத்துல கப்பல் தேதியை மட்டும் எழுதுற கம்பெனி எனக்கு வேண்டாம்கிறாரு. அவங்க பக்கம் நலம் விசாரிக்காம வியாபாரம் பேசினாலே மரியாதைக்குறைவு. ரெண்டு வரி துக்கம் விசாரிக்க உங்களுக்குக் கை வரலையா?"

"எழுதினேனே சார்" என்றார் அண்ணன்.

மேனேஜர் தாளை அவர் முன் தள்ளினார். மூன்றே வரி. என் மூன்று வரி.

நீளமான முதல் பத்தியை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. பக்கத்து சீட்டுக்காரி சிரிக்கட்டும் என்று ஓரத்தில் ஒரு கேலி எழுதிவிட்டு, முழுசாக வெட்டியிருந்தேன்.

அண்ணன் தாளைப் படித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "விட்டுப்போச்சு சார். என் தப்புதான்."

"அப்ப வெளிநாட்டு வேலை இனி உங்களுக்கு வேண்டாம். நாளையிலேருந்து குடோனைப் பாருங்க."

"சரிங்க சார்."

"கத்திரி, நீ ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதும்மா. உன்னை நம்பித்தான் இருக்கேன்."

கதவு வரை போய்விட்டேன். திரும்பி வந்தேன்.

"சார், அவர் எழுதியிருந்தார். நான்தான் வெட்டினேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அவர் பழியை ஏத்துக்கிட்டப்ப பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா சார்."

"குடோன் வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க. இன்னிக்கே போகணும்."

என் மேசைக்கு வந்தோம். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, அவங்க அம்மா பேரு என்ன?"

"நான் எழுதினதுலயே இருக்கும்மா. திற."

கம்ப்யூட்டரில் அவர் அனுப்பிய கடிதத்தைத் திறந்தேன். சிவப்புக் கோடு அடித்த பத்தி. ஓரத்தில் என் கேலி: 'இது கடிதமா, தொடர்கதையா?'

அண்ணன் அதை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரெண்டாவது வரியில இருக்கு பாரு, பேரு" என்றார். "எழுதிக்கோம்மா."